தேங்காய் எண்ணெய் ஊறிய தரையில் எப்பாக்ஸி: உரிந்த பூச்சும் நின்ற பூச்சும்

காங்கேயம் பக்கம் ஒரு தேங்காய் எண்ணெய் மில்லில், டின் நிரப்பும் அறையின் தரைக்கு இரண்டு முறை எப்பாக்ஸி (இரண்டு திரவம் கலந்து பூசி இறுக விடும் பூச்சு) போட்டோம். மார்கழியில் போட்ட முதல் பூச்சு பங்குனி முடிவதற்குள் உரிந்துவிட்டது. அதைச் சுரண்டி எடுத்துவிட்டுச் சித்திரையில் போட்டது, நடுவில் ஒரு மார்கழிக் குளிரையும் அடுத்த சித்திரை வெயிலையும் தாண்டி நிற்கிறது. முதல் முறை தின்னர் கலந்த வகை, இரண்டாம் முறை தின்னர் இல்லாத வகை. ஆனால் பூச்சு நின்றதற்குக் காரணம் பெயிண்டை விட அடித்தரைதான். எண்ணெய் மில், அரிசி மில், லேத் பட்டறை என்று எண்ணெய் குடித்த தரை இந்தச் சுற்றுவட்டாரத்தில் ஏராளம். அதனால் அளவு, செலவு, செய்த தப்பு எல்லாவற்றையும் நடந்த வரிசையிலேயே எழுதி வைக்கிறோம்.

அறை 24 அடிக்கு 20 அடி, 480 சதுர அடி. மீட்டர் கணக்கில் 44.6 சதுர மீட்டர். 4 அங்குல கான்கிரீட்டின் மேல் சிமென்ட் பால் இழுத்து வழவழப்பாக்கிய தரை, வயது 11 வருஷம். மேற்குப் பக்கம் ஷட்டர். வடக்குச் சுவரை ஒட்டி எண்ணெய்த் தொட்டியின் குழாய், அதற்குக் கீழே நிரப்பும் மிஷின். 11 வருஷமும் சிந்திய எண்ணெயைத் துணியால் துடைத்ததும் சோப்புத் தூள் போட்டுக் கழுவியதும் தவிர இந்தத் தரைக்கு வேறு எதுவும் செய்யப்படவில்லை.

முதல் முறை என்ன தப்பு

சோப்புத் தூளால் இரண்டு முறை கழுவி, ஆசிட் ஊற்றித் தேய்த்து, மறுபடி கழுவினோம். மறுநாள் காலை 7 மணிக்குத் தண்ணீர்ச் சொட்டு விட்டுப் பார்த்தோம். எண்ணெய் இருந்தால் சொட்டு முத்தாக உருண்டு நிற்கும், இல்லாவிட்டால் தரை உறிஞ்சிவிடும். ஏறக்குறைய எல்லா இடத்திலும் உறிஞ்சியது. அடிப்பூச்சான பிரைமர் ஒன்று, கலர் இரண்டு கோட் போட்டு முடித்தோம். பார்க்க ஆற்றுத் தண்ணீர் மாதிரி மின்னியது. செலவு ஏறக்குறைய 19,000 ரூபாய்.

பங்குனி நடுவில், டின் நிரப்பும் அம்மா ஒருவர்தான் முதலில் கண்டுபிடித்தார். "தரை வேர்க்குதுங்கண்ணா, தொடைக்கத் தொடைக்க வருது." மிஷினுக்குக் கீழே காலணாக் காசு அளவில் கொப்புளங்கள். குத்தினால் உள்ளே பழுப்பு எண்ணெய். இரண்டு வாரத்தில் உள்ளங்கை அகலத்துக்குப் படலம் படலமாக வந்துவிட்டது.

உரிந்த படலத்தை எறிந்துவிடக் கூடாது. அதன் முதுகைத் திருப்பிப் பார்த்தால் காரணம் அங்கேயே இருக்கும். வெவ்வேறு இடத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு துண்டு எடுத்து வெயிலில் வரிசையாக வைத்துப் பார்த்தோம். மிஷின் பக்கத்துத் துண்டுகளின் முதுகு பளபளவென்று, விரலில் பிசுபிசுத்தது. இது எண்ணெய் தள்ளிய இடம். நடு அறைத் துண்டுகளின் முதுகில் சாம்பல் நிறத்தில் திருநீறு பூசியது மாதிரி மெல்லிய மாவு. பெயிண்ட் தன் வேலையைச் செய்திருக்கிறது, சிமென்ட் பாலைக் கெட்டியாகப் பிடித்திருக்கிறது; அந்தப் பால்தான் கான்கிரீட்டை விட்டு வந்துவிட்டது. ஆக ஒரே அறையில் இரண்டு நோய். முதுகில் மணலும் ஜல்லித் துணுக்கும் ஒட்டி வந்திருந்தால் பிடிப்பு நன்றாக இருந்தது, கான்கிரீட்டே பலமில்லை என்று அர்த்தம். அப்படி ஒரு துண்டும் கிடைக்கவில்லை.

காலைச் சொட்டுச் சோதனை ஏன் ஏமாற்றியது என்று யோசித்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையும். மார்கழிக் காலையில் வீட்டில் பாட்டில் எண்ணெய் வெள்ளையாக நிற்பது எல்லோருக்கும் தெரியும். தரைக்குள் இருக்கும் எண்ணெய்க்கும் அதே கதைதான் என்பது தோன்றவில்லை. அடுத்த மார்கழியில் அளந்து பார்த்தோம்: காலை 7 மணிக்குத் தரை 21 டிகிரி. உறைந்த எண்ணெய் கான்கிரீட்டின் நுண்துளைகளுக்குள் மெழுகாக அடங்கிக் கிடக்கிறது, மேலே கழுவிய அரை மில்லி மீட்டர் மட்டும் தண்ணீரை உறிஞ்சிக் காட்டுகிறது. பங்குனி வெயிலில் தரை 38 டிகிரிக்குப் போனதும் உள்ளே இருந்தது உருகி மேலேறி, பூச்சைத் தூக்கிவிட்டது.

ஆசிட் ஊற்றியதும் வீண். எண்ணெய்ப் படலம் இருக்கும் இடத்தில் ஆசிட் சிமென்ட்டைத் தொடாது. பொங்கி நுரைத்தது எண்ணெய் இல்லாத இடத்தில் மட்டும். அங்கேதான் அது தேவையே இல்லை. இனி எண்ணெய்த் தரைக்கு ஆசிட் எடுப்பதில்லை என்று முடிவு.

எண்ணெயை எடுப்பது

இந்த முறை வேண்டுமென்றே அக்னி நட்சத்திரத்தை ஒட்டி வேலையை வைத்தோம். வெளியே வர வேண்டிய எண்ணெய் எல்லாம் பூச்சுக்கு முன்பே வரட்டும் என்பதுதான் கணக்கு. மில்லில் வேலை முடியும் வரை அறையை விட்டுக் கொடுத்தார்கள், அதன் பிறகு பூச்சு முறுக 7 நாள்.

மீதிப் பூச்சைச் சுரண்டியதும், உளி வைத்து ஆறு இடத்தில் தரையைச் சிறு குழியாகக் கொத்தி எண்ணெய் எவ்வளவு ஆழம் என்று பார்த்தோம். எண்ணெய் போன கான்கிரீட் கருத்திருக்கும், எல்லை தெளிவாகத் தெரியும். நடு அறையில் 3 முதல் 5 மி.மீ. தொட்டிக் குழாய்க்கும் மிஷினுக்கும் கீழே 18 மி.மீ. அந்த இடத்தில் உளிக்குக் கான்கிரீட் அழுகிய மரம் மாதிரி உதிர்ந்தது. காரணம் உண்டு. எண்ணெயில் பிரியும் கொழுப்பு அமிலம் சிமென்ட்டில் உள்ள சுண்ணாம்போடு சேர்ந்து சோப்பாகிவிடும்; கான்கிரீட்டைக் கட்டிப் பிடித்திருக்கும் பொருளே கரைந்து போகிறது. இப்படிப்பட்ட இடத்தைக் கழுவிக் காப்பாற்ற முடியாது. சுவரை ஒட்டி 10 அடிக்கு 3 அடி அளவில் 20 மி.மீ. ஆழத்துக்குக் கொத்தி எடுத்துவிட்டோம்.

மற்ற இடத்துக்குக் காஸ்டிக் சோடா. தேங்காய் எண்ணெய் இந்த விஷயத்தில் ஒத்துழைக்கும் எண்ணெய். காஸ்டிக்கோடு சேர்ந்தால் சோப்பாக மாறித் தண்ணீரில் கரைந்து வரும். 1 கிலோ தேங்காய் எண்ணெயைச் சோப்பாக்க சுமார் 180 கிராம் காஸ்டிக் போதும் என்பது சோப்புப் போடுகிறவர்களுக்குத் தெரிந்த கணக்கு. லேத் பட்டறைத் தரையில் இருப்பது இன்ஜின் ஆயில், ஹைட்ராலிக் ஆயில் வகை. அவை காஸ்டிக்கில் சோப்பாகா. அங்கே எண்ணெயைப் பிரித்துத் தூக்கும் டிகிரீசர்தான், இல்லாவிட்டால் கொத்தி எடுப்பதுதான். இந்த வித்தியாசம் தெரியாமல் பட்டறைத் தரையில் மூட்டை மூட்டையாகக் காஸ்டிக் கொட்டுவதில் பயனில்லை.

40 லிட்டர் சுடுதண்ணீருக்கு 2 கிலோ காஸ்டிக் செதில், அதாவது 5 சதவீதம். தண்ணீரில் செதிலைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். செதிலின் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும், கண்ணில் பட்டால் பார்வை போகும். கண்ணாடி, முழங்கை வரை ரப்பர் கையுறை, கம்பூட்ஸ் மூன்றும் இல்லாமல் வாளியைத் தொடக் கூடாது. அலுமினியப் பாத்திரமும் ஆகாது, காஸ்டிக் அதை அரித்துவிடும், பிளாஸ்டிக் வாளிதான். 60 டிகிரிச் சூட்டில் தரையில் பரப்பி நைலான் பிரஷ்ஷால் தேய்த்து, 30 நிமிஷம் காயாமல் ஈரமாகவே வைத்திருந்து, ஈரம் இழுக்கும் வேக்குவம் கிளீனரால் உறிஞ்சினோம். முதல் தடவை வந்த நுரை டீ நிறம். மூன்றாவது தடவை வெளுத்தது.

இங்கே ஒரு தப்பு. முதல் அலசலை மில்லின் போர் தண்ணீரில் செய்தோம். காங்கேயம் போர் தண்ணீரின் உப்பு தெரிந்ததே. காய்ந்ததும் தரை முழுக்க வெள்ளைத் திப்பி. நகத்தால் சுரண்டினால் மெழுகு மாதிரி வந்தது. கடினத் தண்ணீரில் உள்ள கால்சியம் நாங்கள் செய்த சோப்போடு சேர்ந்து கரையாத சோப்பாகப் படிந்துவிட்டது. அதன் மேல் எதைப் பூசினாலும் நிற்காது. ஒரு டிராக்டர் டேங்க் நல்ல தண்ணீர் 1,000 ரூபாய்க்கு இறக்கி, அதில் காஸ்டிக் கரைத்து ஒரு தடவை தேய்த்து, அதிலேயே நான்கு தடவை அலசினோம். காரத்தன்மை காட்டும் பிஹெச் தாளில் முதல் அலசல் 12-க்கு மேல், நான்காவது 9. கான்கிரீட்டுக்கே காரத்தன்மை உண்டு என்பதால் 7 வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

கழுவிய தண்ணீரை டிரம்மில் பிடித்து வைத்து, காரத்தைச் சமன்படுத்திய பிறகே வெளியேற்ற ஏற்பாடு செய்தோம். ஓடையில் திறந்துவிடுவது எளிது. ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கி என்ன ஆனது என்று பார்த்த ஊர்க்காரர்களுக்கு அதை விளக்கத் தேவையில்லை.

சோதனை, இந்த முறை வெயிலில்

இரண்டு நாள் மின்விசிறி ஓடியது. பிறகு பகல் 2 மணிக்கு, தரை 39 டிகிரியில் இருக்கும்போது சொட்டுச் சோதனை. 20 இடத்தில் 17-ல் உறிஞ்சியது. உருண்டு நின்ற மூன்றும் மிஷினிலிருந்து ஷட்டர் வரை டின் இழுக்கும் பாதையில். அந்த இடங்களுக்கு மட்டும் மறுபடி காஸ்டிக்.

சொட்டுச் சோதனையை மட்டும் நம்பிக் கெட்டதால் இன்னொன்றும் செய்தோம். தரையில் வெள்ளைத் தாளை விரித்து, மிதமான சூட்டில் இஸ்திரிப் பெட்டியை 2 நிமிஷம் வைத்து எடுக்க வேண்டும். உள்ளே எண்ணெய் இருந்தால் சூட்டில் ஏறித் தாளில் ஒட்டும். பஜ்ஜி மடித்த தாள் மாதிரி அந்த இடம் வெளிச்சத்தில் கண்ணாடியாகத் தெரியும். சூடு அதிகமானால் தாள் கருகும். துணிக்கு சில்க் என்று போட்டிருக்கும் அளவில் வைத்தால் சரி. சொட்டு உறிஞ்சிய ஓர் இடத்தில்கூடத் தாளில் லேசாகக் கறை வந்தது. நாள் போனாலும் பரவாயில்லை என்று அங்கேயும் கழுவினோம். எங்களுக்கு இந்தச் சோதனைதான் இப்போது கடைசி வார்த்தை.

ஈரத்துக்கு பிளாஸ்டிக் தாள். 18 அங்குலச் சதுரத் துண்டுகள் மூன்றை நாலு பக்கமும் டேப் ஒட்டிக் குறைந்தது 16 மணி நேரம் விட வேண்டும். நாங்கள் ராத்திரி முழுக்க விட்டு மறுநாள் மதியம் எடுத்தோம். கிழக்கு மூலைத் துண்டில் உள்பக்கம் வேர்த்திருந்தது. தரை ஒரு நாள் கூடுதலாகக் காயட்டும் என்று காத்திருந்து மறுபடி ஒட்டிப் பார்த்த பிறகுதான் அடுத்த வேலை.

தரையைத் தேய்த்தெடுக்கும் கிரைண்டிங் வேலை, எண்ணெய் எடுத்த பிறகுதான். முன்பே செய்தால் சூட்டில் எண்ணெய் சக்கரத்தில் பிசினாகும், நல்ல இடத்துக்கும் பரவும். வாடகைக்கு எடுத்த டயமண்ட் கிரைண்டிங் மிஷின் இரண்டு நாள், சுவரோரத்துக்குக் கை கிரைண்டரில் டயமண்ட் கப் சக்கரம். தடவினால் 80 நம்பர் உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பாக, மணல் முகம் தெரிய வேண்டும். சாம்பல் பளபளப்பு எங்கேயும் மிஞ்சக் கூடாது. கிரைண்டரோடு வேக்குவத்தை இணைத்தே ஓட்ட வேண்டும், நல்ல முகக்கவசமும் வேண்டும். கான்கிரீட் தூசியில் உள்ள சிலிக்கா நுரையீரலில் தங்கினால் திரும்ப எடுக்க வழியில்லை. முகத்தில் துண்டு கட்டிக்கொள்வது எதற்கும் உதவாது. பெருக்கவும் வேண்டாம், தூசி மறுபடி துளைக்குள் இறங்கும். வேக்குவம் மட்டும், இரண்டு தடவை.

பிரைமர்: காலையில் கெட்டது, மாலையில் நின்றது

தின்னர் இல்லாமலே மெலிதாக ஓடும் எப்பாக்ஸி பிரைமர், 4 கிலோ செட்டாக நான்கு வாங்கினோம். பேஸ் (மூலத் திரவம்) 2 பங்கு, ஹார்டனர் (அதை இறுக்கும் திரவம்) 1 பங்கு, எடைக் கணக்கு. டப்பாவில் எடையா அளவா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டும் வேறு, குழப்பினால் விகிதமே மாறிவிடும்.

எப்பாக்ஸி காய்ந்து இறுகுவதில்லை, இரண்டு திரவம் ஒன்றோடொன்று பிணைந்து இறுகுகிறது. ஹார்டனரை அள்ளி ஊற்றினால் சீக்கிரம் இறுகும் என்று சிமென்ட்டுக்கு வேகக்கூட்டி போடுகிற மாதிரி நினைப்பவர்கள் உண்டு. கூடுதல் ஹார்டனருக்குப் பிணைய ஜோடி இருக்காது. அப்படியே தங்கிப் பூச்சைப் பிசுபிசுப்பாக வைத்திருக்கும். பேஸ் கூடினாலும் அதே கதை. மில்லில் டின் நிறுக்கும் தராசு 5 கிராம் துல்லியம், அதுவே எங்களுக்குப் போதுமாக இருந்தது.

முதல் பட்டையைக் காலை 9 மணிக்கு ஆரம்பித்தோம், ஷட்டர் பக்கம் 4 அடி அகலம். 11 மணிக்குள் அந்தப் பட்டை முழுக்க ஊசிமுனைக் குமிழ்கள். கண்ணாடி வைத்து எண்ணியபோது ஓர் அங்குலச் சதுரத்தில் ஆறேழு. வெயில் ஏற ஏறக் கான்கிரீட் சூடாகி உள்ளே இருக்கும் காற்று விரிந்து வெளியே வருகிறது. ஈரப் பூச்சில் குமிழியாகி, உடைந்து துளையாக நிற்கிறது. அந்தத் துளை வழியாக எண்ணெய் மறுபடி இறங்கும். தரை ஆறும்போது இதுவே தலைகீழ், காற்று சுருங்கிப் பூச்சை உள்ளே இழுக்கும். ஆகையால் பிரைமர் மாலை 4 மணிக்கு மேல்தான். கெட்ட பட்டையை உப்புத்தாளால் தேய்த்து, அதே ரெசினில் (கலக்கிய எப்பாக்ஸியில்) டால்க் தூள் குழைத்துப் பட்டி பிளேடால் துளைகளை அழுத்தி அடைத்து, மாலையில் மறுபடி பிரைமர் அடித்தோம்.

இன்னொரு தப்பும் அன்று காலையிலேயே நடந்தது. அந்தப் பட்டையில் பாதியிருக்கும்போது 4 கிலோவையும் ஒரே வாளியில் கலக்கினோம். டப்பாவில் 30 டிகிரிக்கு 30 நிமிஷம் என்று இருந்தது; அறை 36 டிகிரி. 10 டிகிரி கூடினால் நேரம் பாதியாகும் என்பது பொதுக் கணக்கு. அதற்கு மேல், வாளிக்குள் கும்பலாக இருக்கும் ரெசின் தன் சூட்டிலேயே இன்னும் சூடாகும். 16-ஆவது நிமிஷம் வாளி கை வைக்க முடியாத சூடு, அடுத்து லேசாகப் புகை. 2 கிலோ வாளியோடு கல்லாகிப் போனது. புகையை முகர வேண்டாம், அப்படியே வெளியே வைத்துவிட வேண்டும். அதன் பிறகு ஒரு தடவைக்கு ஒன்றரைக் கிலோ மட்டுமே: 1 கிலோ பேஸ், 500 கிராம் ஹார்டனர். டிரில்லில் துடுப்பு மாட்டி மெதுவான வேகத்தில் 3 நிமிஷம். வேகமாகச் சுற்றினால் காற்று புகும். பிறகு இரண்டாவது வாளிக்கு மாற்றி இன்னொரு நிமிஷம், ஏனென்றால் முதல் வாளியின் ஓரத்திலும் அடியிலும் கலவாத பேஸ் ஒட்டியிருக்கும். அதைச் சுரண்டித் தரையில் விட்டால் அந்த இடம் எத்தனை நாளானாலும் ஒட்டிக்கொண்டே இருக்கும். கலக்கியதும் வாளியில் வைத்திருக்காமல் தரையில் கோடாக ஊற்றிவிட்டு ரோலர் ஓட்ட வேண்டும். பரந்து கிடந்தால் சூடு ஏறாது, நேரம் நீளும்.

சதுர மீட்டருக்கு 250 கிராம் பிடித்தது. கிரைண்டிங் செய்த தரை அதிகமாகக் குடிக்கும்.

கொத்திய இடமும் கலர் கோட்டும்

10 அடிக்கு 3 அடிக் குழியைச் சிமென்ட்டால் நிரப்பியிருந்தால் எப்பாக்ஸி போட 28 நாள் காத்திருக்க வேண்டும். எப்பாக்ஸி மார்ட்டர் செலவுதான், ஆனால் மறுநாளே மேலே பூசலாம். 1 பங்கு ரெசினுக்கு எடையில் 7 பங்கு குவார்ட்ஸ் மணல், 20 மி.மீ. கனத்துக்கு 14 கிலோ ரெசினும் 100 கிலோ மணலும் ஆனது. மணல் சூளையில் உலர்த்தி மூட்டையில் வருவது. ஆற்று மணலும் எம்-சாண்டும் ஈரம், தூசி இரண்டும் கொண்டவை, எப்பாக்ஸிக்கு ஆகாது. குழிக்குப் பிரைமர் அடித்து, அது ஒட்டும் பதத்தில் இருக்கும்போதே கலவையைப் போட்டு மட்டக்கட்டையால் இழுத்து எஃகு கரண்டியால் அழுத்தித் தேய்க்க வேண்டும். கலவை புட்டு மாவு பதத்தில் இருக்கும். கையில் பிடித்தால் பிடியாக நிற்கும், தட்டினால் உதிரும். கரண்டி ஒட்டுகிறது என்று தின்னரில் நனைத்துத் தேய்க்கும் பழக்கம் வேண்டாம், மேல்தோல் பலமிழக்கும்.

கலர் கோட் ஒன்றுக்கு 150 மைக்ரான், அதாவது 0.15 மி.மீ. கனம் வைத்தோம். தின்னர் இல்லாத வகைக்குக் கணக்கு நேரானது: 1 லிட்டர் 1 சதுர மீட்டரில் 1 மி.மீ. கனம். 44.6 சதுர மீட்டரை 0.15-ஆல் பெருக்கினால் 6.7 லிட்டர், எங்கள் பெயிண்டின் எடைக்கு 9.4 கிலோ, ரோலரிலும் வாளியிலும் போவது ஒரு கிலோ. தின்னர் கலந்த வகையில் பாதி ஆவியாகிப் போவதானால் அதே கனத்துக்கு இரண்டு மடங்கு வாங்க வேண்டும். லிட்டர் விலை குறைவென்று அதை எடுத்தால் கணக்குத் தப்பும்.

முதல் கோட் ஈரமாக இருக்கும்போது மிஷின் பக்கமும் டின் பாதையிலும் 30 முதல் 60 மெஷ் (சல்லடை அளவு) குவார்ட்ஸ் மணலைக் கோழிக்குத் தீனி இறைப்பது மாதிரி உயரத்திலிருந்து தூவினோம். எண்ணெய் சிந்தும் எப்பாக்ஸித் தரை ஐஸ் மாதிரி வழுக்கும். 15 கிலோ டின்னோடு ஒருவர் விழுந்தால் இடுப்பு போய்விடும். இது அலங்காரத்துக்கான வேலையில்லை, விட்டுவிடக் கூடாதது. மறுநாள் ஒட்டாத மணலை உறிஞ்சிவிட்டு மேல் கோட்.

அந்த மேல் கோட் மாலையில் கோடை மழை பிடித்தது. ஈரப்பதம் 88 சதவீதம். 85-க்கு மேலிருந்தாலும், தரைச் சூடு பனிநிலையை (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் சூட்டை) விட 3 டிகிரியாவது கூடுதலாக இல்லாவிட்டாலும் எப்பாக்ஸி போடக் கூடாது. ஈரமானியும் தூரத்திலிருந்து சூடு பார்க்கும் கருவியும் சேர்த்து 1,500 ரூபாய்க்குள் கிடைக்கும், இரண்டும் இல்லாமல் இந்த வேலைக்குப் போக வேண்டாம். தள்ளிவைத்ததில் 24 மணி நேரம் தாண்டிவிட்டது. அதற்கு மேல் போனால் அடிக் கோட் முறுகிவிடும், மேல் கோட்டுக்கு ரசாயனப் பிடிப்பு கிடைக்காது. 100 நம்பர் உப்புத்தாளால் பளபளப்பு மறையும் வரை தேய்த்தோம். ஷட்டர் மூலையில் சாரல் காற்று பட்ட இடத்தில் வெளுப்பாக மெழுகுத் தடவல் மாதிரி படிந்திருந்தது. ஹார்டனரில் உள்ள அமீன் ஈரத்தோடும் காற்றிலுள்ள கரியமில வாயுவோடும் சேர்ந்து மேலே பூத்தது அது. தின்னரால் துடைத்தால் பரவும். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவினால் கரைந்து போகும். கழுவி, காய்ந்த பிறகே தேய்க்க வேண்டும். முதலில் தேய்த்தால் அந்த மெழுகைப் பூச்சுக்குள்ளேயே அரைத்து விடுவோம்.

ஷட்டரிலிருந்து 2 அடிக்கு மாலை வெயில் விழும். எப்பாக்ஸிக்கு வெயில் ஆகாது, மஞ்சளடித்து மாவாகும். அந்தப் பட்டைக்கு மட்டும் வெயில் தாங்கும் அலிஃபாட்டிக் பாலியூரிதேன் ஒரு லிட்டர் செட்.

மூன்றாம் நாள் மில்காரர் வந்து பார்த்தார். "மேல நல்லா கல்லாட்டம் ஆயிருச்சுங்களே, நாளைக்கு மிஷினை ஏத்திப் போடலாமுங்களா?" "காஞ்சாப்பல தெரியுமுங்க, உள்ள இன்னும் வேலை நடந்துட்டுதான் இருக்கு. இன்னும் நாலு நாள் உடுங்க." நடக்க ஒரு நாள், தள்ளுவண்டிக்கு மூன்று நாள், எண்ணெயும் சோப்புத் தண்ணீரும் பட 7 நாள். ஓரத்தில் அசிட்டோன் தோய்த்த துணியால் 25 தடவை தேய்த்துப் பார்த்தோம்: மூன்றாம் நாள் துணியில் கலர் ஒட்டியது, ஏழாம் நாள் ஒட்டவில்லை. தேங்காய் எண்ணெய் வாசனையை இழுக்கும் பொருள். ஆகையால் நிரப்பிய டின்களை ஏழு நாளும் அந்த அறைக்குள் கொண்டு வரவில்லை.

செலவு

காஸ்டிக் 480, தண்ணீர் 1,000, கிரைண்டிங் மிஷின் வாடகை 5,000, கப் சக்கரம் 1,800, பிரைமர் 16 கிலோ 7,680, மார்ட்டர் ரெசின் 15 கிலோ 6,900, குவார்ட்ஸ் மணல் 5 மூட்டை 1,750, கலர் 24 கிலோ 10,800, பாலியூரிதேன் 1,100, ரோலர், நைட்ரைல் கையுறை, முகக்கவசம் 2,400, மூன்று பேருக்கு எட்டு நாள் கூலி 24,000. மொத்தம் 62,910 ரூபாய், சதுர அடிக்கு 131. கையுறையில் கஞ்சம் வேண்டாம். எப்பாக்ஸி தோலில் பட்டுப் பட்டு ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால், பிறகு வாளி திறந்தாலே அரிக்கும், அந்த ஆளால் இந்தத் தொழிலில் நிற்க முடியாது. கையில் பட்டால் சோப்பு; தின்னரில் கை கழுவினால் ரெசின் தோலுக்குள் இறங்கும்.

ஒரு வருஷம் கழித்து

ரூபாய் நாணயத்தால் அடிக்கு ஒரு தட்டு வீதம் அறை முழுக்கத் தட்டிப் பார்த்தோம். பிடித்திருக்கும் இடம் கணீரென்று ஒலிக்கும், விட்ட இடம் பொத்தென்று. நடு அறையிலும் மார்ட்டர் போட்ட இடத்திலும் ஓர் இடத்தில்கூடப் பொத்தென்ற ஒலி இல்லை. சித்திரை மதியத்தில் துடைத்த துணியில் பிசுக்கு இல்லை.

குறை இரண்டு. தொட்டிக் குழாயிலிருந்து சில நாள் சூடாகவே எண்ணெய் சொட்டும். அந்த இடத்தில் பூச்சு லேசாக மெத்தென்று ஆகி டின் தடம் பதிந்திருக்கிறது. சாதாரணச் சூட்டில் இறுகிய எப்பாக்ஸி 50, 60 டிகிரிக்கு மேல் இளகும். இப்போது எவர்சில்வர் தட்டு வைத்திருக்கிறோம். எண்ணெய் வடிகட்டும் ஃபில்டர் பிரஸ் இருக்கும் அடுத்த அறைக்கு எப்பாக்ஸியே வேண்டாம், பாலியூரிதேன் சிமென்ட் போட வேண்டும் என்று சொல்லிவிட்டோம். சூடான எண்ணெயையும் சுடுதண்ணீர்க் கழுவலையும் அது தாங்கும்.

இன்னொன்று வடிகால் ஓரம். 4 அங்குல நீளத்துக்கு விளிம்பு பெயர்ந்திருக்கிறது. பூச்சை அங்கே சும்மா மெலிதாக இழுத்து நிறுத்தியிருந்தோம். டின் வண்டிச் சக்கரம் தினமும் அந்த மெல்லிய ஓரத்தில் ஏறி இறங்குகிறது. வடிகாலிலும் வாசலிலும் கட்டர் போட்டு 6 மி.மீ. அகலம், 6 மி.மீ. ஆழத்துக்குக் காடி வெட்டி, பூச்சை அதற்குள் இறக்கி முடித்திருக்க வேண்டும். கட்டர் கையில் இருந்தது, அரை மணி நேர வேலை. அடுத்த ஞாயிறு மிஷின் நிற்கும்போது அந்த ஓரத்தை வெட்டிக் காடி போட்டு, மீதமிருக்கும் 3 கிலோ கலரில் முடிக்கப் போகிறோம்.